விடுபட்ட வரிகள்: மருத்துவ ஆய்வு அறிக்கையில் எது இருக்க வேண்டும், ஏன் இருக்க வேண்டும்

1995 அக்டோபரில் பிரிட்டனின் மருந்துப் பாதுகாப்புக் குழு, மூன்றாம் தலைமுறைக் கருத்தடை மாத்திரைகள் இரத்தக் குழாய்களில் உறைவு ஏற்படும் அபாயத்தை இரண்டு மடங்காக்குகின்றன என்று எச்சரிக்கை விடுத்தது. நாளிதழ்களிலும் தொலைக்காட்சியிலும் செய்தி அதே சொற்களில் பரவியது. அச்சமடைந்த பெண்கள் பலர் மாத்திரையை நிறுத்திவிட்டார்கள். அடுத்த ஆண்டில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஏறத்தாழ 13,000 கருக்கலைப்புகள் கூடுதலாக நடந்தன என்று பின்னர் மதிப்பிடப்பட்டது.

அந்த எச்சரிக்கையில் பொய் எதுவும் இல்லை. முந்தைய தலைமுறை மாத்திரையை உட்கொண்ட பெண்களில் சுமார் 7,000 பேருக்கு ஒருவர் என்ற அளவில் இருந்த இரத்த உறைவு, புதிய மாத்திரையில் 7,000 பேருக்கு இருவர் என்றானது. ஒன்று இரண்டானதால் அது இரண்டு மடங்குதான். ஆனால் ‘7,000 பேருக்கு’ என்ற சொற்கள் வழியில் எங்கோ உதிர்ந்துபோயின. கருவுற்றிருக்கும் காலத்தில் இரத்த உறைவு ஏற்படும் அபாயம் மாத்திரையால் வருவதைவிட அதிகம் என்ற தகவலும் உடன் சேரவில்லை.

மருத்துவ ஆய்வுகள் நம்மை வந்தடையும்போது ஏற்படும் கோளாறுகளில் பெரும்பகுதி இத்தகையதே. சொன்னது தவறாக இருப்பதைக் காட்டிலும், சொல்லியாக வேண்டியது விடுபட்டுப்போவதே மிகுதி. பொய்யைக் கண்டுபிடிக்கப் பெரும்பாலும் ஒரு நிபுணர் தேவை. எது விடுபட்டது என்று பார்ப்பதற்கோ, ஓர் அறிக்கையில் என்னென்ன இருந்திருக்க வேண்டும் என்ற பட்டியல் மனத்தில் இருந்தால் போதும். அந்தப் பட்டியலில் உள்ள ஒவ்வொன்றும் ஏன் இடம்பெற்றது என்பதை அடிப்படையிலிருந்து இங்கே பார்க்கலாம்.

ஆய்விலிருந்து தலைப்புச் செய்தி வரை

‘ஆய்வு சொல்கிறது’ என்று தொடங்கும் ஒரு வரி, நம் கண்ணில் படுவதற்கு முன் ஐந்து நிலைகளைக் கடந்து வந்திருக்கிறது.

1. ஆய்வுத் திட்டம். யாரைச் சேர்ப்பது, என்ன கொடுப்பது, எதை அளப்பது, எப்படிக் கணக்கிடுவது என்பவற்றை முன்கூட்டியே எழுதிவைக்கும் ஆவணம் இது.

2. ஆய்வு நடைபெறுதல். திட்டமிட்டபடி எல்லாம் நடப்பதில்லை. சிலர் பாதியில் விலகுவார்கள், சிலர் மருந்தை ஒழுங்காக உட்கொள்ள மாட்டார்கள், சில அளவீடுகள் கிடைக்காமல் போகும்.

3. ஆய்வுக் கட்டுரை. ஆய்விதழில் வெளியாகும் இதை, வெளியீட்டுக்கு முன் அதே துறையைச் சேர்ந்த வேறு சிலர் படித்துக் கருத்துச் சொல்கிறார்கள். இதற்குச் சக ஆய்வாளர் மதிப்பீடு என்று பெயர். இந்த மதிப்பீட்டுக்கு முன்பே இணையத்தில் வெளியிடப்படும் கட்டுரை முன்பதிப்பு எனப்படும்.

4. கட்டுரைச் சுருக்கம். சில நூறு சொற்களே கொண்ட பகுதி. வேலைப்பளு மிக்க மருத்துவர்களில் பலர் படிப்பது இதை மட்டும்தான்.

5. பல்கலைக்கழகமோ ஆய்விதழோ வெளியிடும் செய்திக்குறிப்பும், அதிலிருந்து எழுதப்படும் செய்தியும்.

ஒவ்வொரு நிலையிலும் ஏதேனும் ஒன்று கழிகிறது, சில நேரங்களில் ஏதேனும் ஒன்று கூடுகிறது. கூட்டுபவர் செய்தியாளர்தான் என்று நினைப்பது வழக்கம். பிரிட்டனின் 20 முன்னணிப் பல்கலைக்கழகங்கள் 2011-இல் வெளியிட்ட 462 செய்திக்குறிப்புகளை ஆராய்ந்து 2014-இல் வெளியான ஒரு கட்டுரை, வேறு இடத்தையும் சுட்டியது. அக்குறிப்புகளில் 40 சதவீதம், ஆய்வுக் கட்டுரையில் இருந்ததைவிட அழுத்தமான அறிவுரையைக் கொண்டிருந்தன. 33 சதவீதம், வெறும் தொடர்பைக் காரணமாக மிகைப்படுத்தின. விலங்குகளிலும் உயிரணுக்களிலும் கண்டதை மனிதர்களுக்கு ஏற்றிச் சொன்னவை 36 சதவீதம். குறிப்பில் மிகை இருந்தபோது செய்தியிலும் மிகை இருப்பதற்கான வாய்ப்பு பன்மடங்கு கூடியிருந்தது. இதுவும் தொடர்பைக் கண்ட ஆய்வே. குறிப்புதான் செய்தியைக் கெடுத்தது என்று இதனால் மட்டும் நிறுவிவிட முடியாது. ஆனாலும் மிகை பெரும்பாலும் செய்தி அறையைச் சேருமுன்பே உள்ளே நுழைந்துவிடுகிறது என்பது தெரிகிறது.

சக ஆய்வாளர் மதிப்பீட்டைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். மதிப்பிடுபவர் பார்ப்பது எழுதப்பட்ட கட்டுரையை. மூலத் தரவுகளை அவர் பெரும்பாலும் பார்ப்பதில்லை. 2020 மே 22 அன்று, புகழ்பெற்ற ‘லான்செட்’ இதழ் 671 மருத்துவமனைகளைச் சேர்ந்த 96,032 கோவிட் நோயாளிகளின் பதிவுகளைக் கொண்டு எழுதப்பட்டதாகச் சொல்லப்பட்ட ஒரு கட்டுரையை வெளியிட்டது. ஹைட்ராக்சிகுளோரோகுயின் கொடுக்கப்பட்டவர்களிடையே இறப்பு அதிகம் என்றது அக்கட்டுரை. அதை நம்பி உலக சுகாதார நிறுவனம் தன் ஆய்வில் அம்மருந்தைத் தற்காலிகமாக நிறுத்தியது. தரவுகளைத் தந்த நிறுவனம் அவற்றைத் தணிக்கைக்குக் காட்ட மறுத்ததும், ஜூன் 4 அன்று கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. அம்மருந்து கோவிட் நோயாளிகளுக்குப் பயன் தரவில்லை என்பதைப் பின்னர் முறையான ஆய்வுகள் காட்டின என்பது வேறு செய்தி. இங்கே கவனிக்க வேண்டியது, மதிப்பீட்டைக் கடந்து வந்த கட்டுரை பதினான்கு நாள்கூடத் தாங்கவில்லை என்பது.

எந்த வகை ஆய்வு

ஓர் அறிக்கையில் முதலில் தெரிய வேண்டியது ஆய்வின் வகை. நோக்கீட்டு ஆய்வில், மக்கள் தாமாகச் செய்வதை ஆய்வாளர் கவனித்துப் பதிவு செய்கிறார். தலையீட்டு ஆய்வில், யாருக்கு என்ன கொடுப்பது என்பதை ஆய்வு முறையே தீர்மானிக்கிறது. ஒரு சிகிச்சையைத் தாமாகத் தேர்ந்தெடுப்பவர்கள் வேறு பலவற்றிலும் மற்றவர்களிடமிருந்து வேறுபட்டிருப்பார்கள். வருவாய், கல்வி, புகைப்பழக்கம், மருத்துவரிடம் செல்லும் வழக்கம் என அந்த வேறுபாடுகள் நீளும். விளைவு சிகிச்சையால் வந்ததா, இவற்றால் வந்ததா என்று பிரித்தறிவது கடினம்.

மாதவிடாய் நின்ற பெண்களுக்குத் தரப்பட்ட ஹார்மோன் சிகிச்சை இதற்குத் தெளிவான சான்று. அச்சிகிச்சையைப் பெற்ற பெண்களுக்கு இதய நோய் குறைவு என்று பல நோக்கீட்டு ஆய்வுகள் கூறிவந்தன. அமெரிக்காவில் 16,608 பெண்களைக் குலுக்கல் முறையில் இரு குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டினும் சேர்ந்த மாத்திரையும் மற்றதற்கு மருந்து எதுவும் இல்லாத போலி மாத்திரையும் கொடுத்த ஆய்வின் முடிவு 2002 ஜூலையில் வெளியானது. இதய நோய் குறையவில்லை, சற்றுக் கூடியிருந்தது. மார்பகப் புற்றுநோயும் கூடியிருந்ததால், சராசரியாக 5.2 ஆண்டுகளில் அந்தப் பகுதி நிறுத்தப்பட்டது. இந்த ஆய்வும் பின்னர் மிகையாகவே படிக்கப்பட்டது. சேர்ந்திருந்த பெண்கள் 50 முதல் 79 வயதுக்கு உட்பட்டவர்கள், அவர்களின் சராசரி வயது 63. மாதவிடாய் அண்மையில் நின்ற பெண்ணுக்கு அதே கணக்கு அப்படியே பொருந்தும் என்று கொள்வதற்கு இடமில்லை. யாரிடம் ஆய்வு நடந்தது என்ற ஒரு வரி விடுபட்டால், முடிவு அனைவருக்குமான முடிவாக மாறிவிடுகிறது.

குலுக்கியது எப்படி என்று எழுத வேண்டுமா?

‘நோயாளிகள் குலுக்கல் முறையில் பிரிக்கப்பட்டார்கள்’ என்று ஒரு வரி எழுதினால் போதாதா என்ற கேள்வி எழலாம். போதாது. குலுக்கலின் பயன் முழுவதும், அடுத்து வருபவர் எந்தக் குழுவுக்குச் செல்வார் என்பது அவரைச் சேர்க்கும் மருத்துவருக்குத் தெரியாமல் இருப்பதைப் பொறுத்தது. தெரிந்துவிட்டால், பலவீனமான நோயாளியை அறிந்தோ அறியாமலோ வேறு குழுவுக்குத் தள்ளிவிட முடியும்.

காசநோய்க்கு ஸ்ட்ரெப்டோமைசின் பயன் தருமா என்று பிரிட்டனில் நடந்த ஆய்வின் அறிக்கை 1948-இல் வெளியானது. ஆஸ்டின் பிராட்ஃபோர்ட் ஹில் என்னும் புள்ளியியலாளர் வகுத்த அந்த ஆய்வில், ஒதுக்கீடு முத்திரையிட்ட உறைகளுக்குள் வைக்கப்பட்டிருந்தது என்பது அறிக்கையிலேயே விளக்கப்பட்டிருக்கிறது. மருந்து பெற்ற 55 பேரில் நால்வரும், படுக்கை ஓய்வு மட்டும் பெற்ற 52 பேரில் 14 பேரும் ஆறு மாதங்களுக்குள் இறந்தார்கள் என்று எண்ணிக்கையும் வெளிப்படையாகத் தரப்பட்டிருக்கிறது. அதற்குப் பல பத்தாண்டுகள் கழித்து வந்த எத்தனையோ கட்டுரைகள் இந்த அளவுக்குக்கூடச் சொல்லவில்லை.

சொல்லாமல் விடுவதற்கு என்ன விலை என்பதை 1995-இல் 250 ஆய்வுகளை அலசிய ஒரு கட்டுரை கணக்கிட்டுக் காட்டியது. ஒதுக்கீட்டை முறையாக மறைத்த ஆய்வுகளோடு ஒப்பிட்டால், சரியாக மறைக்காத ஆய்வுகள் சிகிச்சையின் பயனைச் சராசரியாக 41 சதவீதம் மிகையாகக் காட்டின. மறைத்தார்களா இல்லையா என்பதைத் தெளிவாக எழுதாத ஆய்வுகளிலும் மிகை 30 சதவீதம் இருந்தது. ‘எழுத மறந்திருப்பார்கள், ஆனால் செய்திருப்பார்கள்’ என்று நல்லெண்ணத்தோடு ஊகிக்கும் வாசகருக்கு இந்த இரண்டாவது எண் பதிலாகிறது.

ஸ்பெயினில் நடந்த மத்திய தரைக்கடல் உணவுமுறை ஆய்வு இன்னொரு பாடம். 7,447 பேர் பங்கேற்ற அது 2013-இல் வெளியாகிப் பெரும்புகழ் பெற்றது. 2017-இல் ஜான் கார்லைல் என்னும் பிரிட்டிஷ் மயக்கவியல் மருத்துவர் 5,000-க்கும் மேற்பட்ட ஆய்வுகளின் அட்டவணைகளைப் புள்ளியியல் முறையில் சோதித்தபோது, குழுக்கள் குலுக்கலால் அமைந்தவை போல் தோன்றாத ஆய்வுகளுள் இதுவும் ஒன்றாக இருந்தது. திரும்பிப் பார்த்தபோது, சில குடும்பங்களில் ஒருவருக்கு விழுந்த உணவுமுறையையே வீட்டிலுள்ள மற்றவருக்கும் தந்திருந்ததும், ஓர் இடத்தில் தனிநபர்களுக்குப் பதிலாக மருத்துவ நிலையங்களையே குழுக்களாகப் பிரித்திருந்ததும் தெரியவந்தன. 2018 ஜூனில் கட்டுரை திரும்பப் பெறப்பட்டு, திருத்திய கணக்கோடும் அடக்கமான சொற்களோடும் மீண்டும் வெளியிடப்பட்டது. முடிவு பெரிதாக மாறவில்லை. ஆயினும் ஐந்து ஆண்டுகள் அது தன் தகுதிக்கு மேற்பட்ட உறுதியோடு மேற்கோள் காட்டப்பட்டது.

குலுக்கிய பிறகு யார் யார் விலகினார்கள் என்பதும் இதே அளவு முக்கியம். நூறு பேர் தொடங்கி, பக்கவிளைவு தாங்காமல் நாற்பது பேர் விலகிய பின், எஞ்சிய அறுபது பேரை மட்டும் கணக்கிட்டால் எந்த மருந்தும் நல்ல மருந்தாகத் தெரியும்.

எதை அளந்தார்கள்

மாரடைப்புக்குப் பின் ஒழுங்கற்ற இதயத் துடிப்பு உள்ளவர்கள் அதிகம் இறக்கிறார்கள் என்பது தெரிந்த செய்தி. அத்துடிப்பை அடக்கும் மருந்துகள் உயிரைக் காக்கும் என்று நம்பி 1980-களில் அவை பரவலாகத் தரப்பட்டன. அவை துடிப்பை அடக்கியதும் உண்மை. ஆனால் உயிரைக் காத்தனவா என்று சோதித்த அமெரிக்க ஆய்வில், என்கெய்னைடோ ஃபிளெகெய்னைடோ பெற்ற 755 பேரில் 63 பேரும், போலி மருந்து பெற்ற 743 பேரில் 26 பேரும் இறந்திருந்தார்கள்.

துடிப்பின் ஒழுங்கு, இரத்தக் கொழுப்பின் அளவு, கட்டியின் சுருக்கம் போன்றவை பதிலி விளைவுகள். நோயாளிக்கு உண்மையில் வேண்டியது நீண்ட ஆயுளும் துன்பமற்ற வாழ்வும். அவற்றுக்குப் பதிலாக எளிதில் அளக்கக்கூடிய ஒன்றை நிறுத்துகிறோம். பதிலி மேம்பட்டது என்று மட்டும் ஓர் அறிக்கை சொன்னால், நோயாளிக்கு என்ன ஆயிற்று என்ற கேள்விக்கு இன்னும் விடை வரவில்லை என்றே பொருள்.

எண்களை எப்படிச் சொல்வது

இரு குழுக்களை ஒப்பிடும்போது கிடைப்பது சார்பு அபாயம். ‘இரண்டு மடங்கு’, ‘26 சதவீதம் கூடுதல்’ என்பன அவ்வகை. நூறு பேரில் அல்லது பத்தாயிரம் பேரில் எத்தனை பேர் என்று சொல்வது நேரடி அபாயம். முன் சொன்ன ஹார்மோன் ஆய்வில் மார்பகப் புற்றுநோய் 26 சதவீதம் கூடியது. அதையே நேரடி அபாயமாகச் சொன்னால், ஓராண்டில் 10,000 பெண்களில் போலி மாத்திரைக் குழுவில் 30 பேருக்கும் மருந்துக் குழுவில் 38 பேருக்கும் புற்றுநோய் வந்தது, அதாவது எட்டுப் பேர் கூடுதல். இரண்டு கூற்றும் ஒரே தரவிலிருந்து வந்தவை. கேட்பவர் மனத்தில் எழும் படம்தான் வேறு. நன்மையைச் சார்பு எண்ணிலும் தீமையை நேரடி எண்ணிலும் சொல்லும் அறிக்கையை ஐயத்தோடு பார்க்க வேண்டும். அது கவனக்குறைவாக நிகழ்வது அரிது என்பது என் கருத்து.

ஒற்றை எண்ணும் போதாது. அதே 26 சதவீதத்துக்கு அந்தக் கட்டுரை தந்த நம்பக இடைவெளி, கூடுதல் ஏதுமில்லை என்பதிலிருந்து 59 சதவீதம் வரை விரிந்திருந்தது. ஒரே ஆய்வைத் திரும்பத் திரும்ப நடத்தினால் எண் எவ்வளவு ஊசலாடும் என்பதை உணர்த்துவதே இந்த இடைவெளி. செய்தியில் முதலில் காணாமல் போவதும் இதுவே.

அடுத்தது பி மதிப்பு. மருந்துக்கு எந்தப் பயனும் இல்லை என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் தற்செயலாகவே இந்த அளவோ இதைவிடப் பெரிய அளவோ வேறுபாடு தோன்றுவதற்கான வாய்ப்பு எவ்வளவு என்பதை இது சொல்கிறது. அது 0.05-க்குக் கீழே இருந்தால் முடிவைப் ‘புள்ளியியல் முறையில் குறிப்பிடத்தக்கது’ என்பார்கள். பயன் பெரியது என்றோ, மருந்து வேலை செய்வதற்கு 95 சதவீத வாய்ப்பு உண்டு என்றோ இதற்குப் பொருளில்லை.

பல முறை எறிந்தால் ஒரு கல்லாவது படும்

0.05 என்ற எல்லை ஒரே ஒரு சோதனைக்கு மட்டுமே பொருந்தும். 2015-இல் ஜான் பொஹானன் என்னும் அமெரிக்கச் செய்தியாளர், சாக்லேட் சாப்பிட்டால் உடல் எடை விரைவாகக் குறையும் என்று ஓர் ஆய்வுக் கட்டுரையை வெளியிட்டார். ஆய்வு உண்மையாகவே நடந்தது, எண்களும் இட்டுக்கட்டியவை அல்ல. ஆனால் வெறும் 15 பேரிடம் 18 வகை அளவீடுகள் எடுக்கப்பட்டிருந்தன. அளவீடுகள் ஒன்றையொன்று சாராதவை என்று கொண்டால், எந்தப் பயனும் இல்லாதபோதும் 18-இல் ஒன்றாவது 0.05-க்குக் கீழே விழுவதற்கு ஏறத்தாழ 60 சதவீத வாய்ப்பு உண்டு. அப்படிக் கீழே விழுந்த அளவீடு எடை, ஆகவே எடை தலைப்பானது. பல நாட்டு ஊடகங்கள் அதை அப்படியே வெளியிட்ட பிறகு, இது திட்டமிட்ட பொறி என்று அவரே அறிவித்தார். 18 அளவீடுகளில் ஒன்று என்ற தகவல் அறிக்கையில் இருந்திருந்தால் பொறியில் யாரும் சிக்கியிருக்க மாட்டார்கள்.

தரவைப் பல துண்டுகளாக வெட்டிப் பார்ப்பதும் இதே வகை. மாரடைப்பின்போது ஆஸ்பிரின் உயிர் காக்கும் என்று 17,187 நோயாளிகளிடம் நிறுவிய, 1988-இல் வெளியான பன்னாட்டு ஆய்வில் இதற்கு நகைச்சுவையான சான்று உண்டு. உட்குழுக்களாகப் பிரித்து ஆராய்வது எவ்வளவு ஏமாற்றும் என்பதைக் காட்ட, ஆய்வாளர்கள் நோயாளிகளை இராசி வாரியாகப் பிரித்துக் கட்டுரையிலேயே முடிவைத் தந்தார்கள். மிதுனத்திலும் துலாத்திலும் பிறந்தவர்களுக்கு ஆஸ்பிரின் பயன் தரவில்லை! இதையே இராசிக்குப் பதில் வயதோ பாலினமோ கொண்டு செய்திருந்தால், நம்பி மருந்தை நிறுத்தியவர்கள் இருந்திருப்பார்கள்.

இந்த விளையாட்டின் கடுமையான வடிவம் விளைவை மாற்றிச் சொல்வது. ஆய்வைத் தொடங்குமுன், எதை வைத்து வெற்றியைத் தீர்மானிப்போம் என்று அறிவிப்பதே முதன்மை விளைவு. பராக்சிடின் என்னும் மனச்சோர்வு மருந்தை வளரிளம் பருவத்தினர் 275 பேரிடம், போலி மருந்தோடும் பழைய மருந்தொன்றோடும் ஒப்பிட்டுச் சோதித்த ‘329’ என்ற எண்ணுடைய ஆய்வு 2001-இல் கட்டுரையாக வந்தது. திட்டத்தில் அறிவித்த முதன்மை விளைவுகள் இரண்டிலும் மருந்து போலி மருந்தை வெல்லவில்லை. கட்டுரையோ பிறகு சேர்த்த வேறு அளவீடுகளை முன்னிறுத்தி, மருந்து பொதுவாகத் தாங்கத்தக்கது, பயன் உள்ளது என்று முடித்தது. தற்கொலை எண்ணமும் முயற்சியும் தொடர்பான நிகழ்வுகள் ‘உணர்ச்சித் தடுமாற்றம்’ என்ற தலைப்பின் கீழ் ஒதுங்கிக்கிடந்தன. வேறொரு குழு மூல ஆவணங்களைப் பெற்று அதே தரவை மீண்டும் கணக்கிட்டு 2015-இல் வெளியிட்டபோது, மருந்து பயனற்றது, தீங்கு கூடியது என்ற நேரெதிர் முடிவு வந்தது. ஆய்வு ஒன்றுதான், அதைப் பற்றிய அறிக்கைகள் இரண்டு.

இவ்வளவு தூரம் போகாமல், சொல்லை மட்டும் பூசி மெழுகும் வழக்கமும் உண்டு. முதன்மை விளைவில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணாத 72 ஆய்வுகளை 2010-இல் ஒரு குழு படித்துப் பார்த்தது. அவற்றின் சுருக்கங்களில் 58 சதவீதம், முடிவுரையில் சிகிச்சைக்குச் சாதகமான சாயம் பூசியிருந்தன. சுருக்கத்தோடு நின்றுவிடும் வாசகர் தோல்வியை வெற்றி என்றே எடுத்துச் செல்வார்.

வெளிவராத ஆய்வுகள்

ஓர் அறிக்கைக்குள் விடுபடும் வரிகளைவிட, அறிக்கையே விடுபட்டுப்போவது பெருங்கேடு. ஒழுங்கற்ற துடிப்பை அடக்கும் லோர்கெய்னைடு என்ற மருந்து 1980-இல் நூறுக்கும் குறைவான மாரடைப்பு நோயாளிகளிடம் சோதிக்கப்பட்டது. மருந்து பெற்றவர்களில் ஒன்பது பேரும், போலி மருந்து பெற்றவர்களில் ஒருவரும் இறந்தார்கள். அது தற்செயல் என்று ஆய்வாளர்கள் கருதினார்கள். வணிகக் காரணங்களால் அம்மருந்தின் உருவாக்கமும் கைவிடப்பட்டதால், முடிவு வெளிவரவில்லை. அதே வகையைச் சேர்ந்த வேறு மருந்துகள் பத்தாண்டுகள் உலகெங்கும் கொடுக்கப்பட்டன. அதன் விளைவைத்தான் மேலே 63-க்கும் 26-க்கும் உள்ள வேறுபாட்டில் பார்த்தோம். 1993-இல் அந்த ஆய்வாளர்களே தம் பழைய முடிவை, வெளியீட்டுச் சார்புக்கு எடுத்துக்காட்டு என்று பெயரிட்டு வெளியிட்டார்கள். அப்போதே வெளியிட்டிருந்தால் முன்னெச்சரிக்கையாக இருந்திருக்கலாம் என்று அதில் ஒப்புக்கொண்டார்கள்.

வெளியீட்டுச் சார்பு என்பது, சாதகமான முடிவுகள் வெளிவருவதும் பாதகமானவை மேசைக்குள் உறங்குவதும் ஆகும். இதன் அளவை 2008-இல் வெளியான ஓர் ஒப்பீடு துல்லியமாகக் காட்டியது. அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகத்திடம் பதிவான, 12 மனச்சோர்வு மருந்துகள் பற்றிய 74 ஆய்வுகளின் கதை இது:

1. சாதகமானவை என்று நிர்வாகம் கருதியவை 38. அவற்றில் 37 வெளிவந்தன.
2. பாதகமானவை அல்லது ஐயத்துக்குரியவை என்று கருதியவை 36. அவற்றில் 22 வெளிவரவே இல்லை.
3. அந்த 36-இல் 11, சாதகமானவை போன்ற தோற்றத்தோடு வெளிவந்தன. உள்ளது உள்ளபடி வெளிவந்தவை மூன்று.

ஆய்விதழ்களை மட்டும் ஒழுங்காகப் படித்த மருத்துவருக்குக் கிடைத்திருக்கக் கூடிய 51 கட்டுரைகளில் 94 சதவீதம் சாதகமானவை. உண்மை விகிதமோ 51 சதவீதம். பல ஆய்வுகளைத் திரட்டி ஒரே முடிவுக்கு வரும் தொகுப்பாய்வுகள் நம்பகமானவை என்று சொல்லப்படுவது சரியே. ஆனால் திரட்டக் கிடைத்ததே பாதி என்றால் தொகுப்பும் பாதிதான்.

என்ன செய்திருக்கிறார்கள்

புள்ளியியலாளர் டக்ளஸ் ஆல்ட்மன் 1994-இல் மோசமான மருத்துவ ஆய்வுகளை ஓர் அவக்கேடு என்றே அழைத்து எழுதினார். குறைவான ஆய்வு, மேலான ஆய்வு, சரியான காரணத்துக்காகச் செய்யும் ஆய்வு வேண்டும் என்பது அவர் வாதம். 2018-இல் மறையும்வரை அவர் பங்கெடுத்த முயற்சிகளில் முதன்மையானது ‘கன்சார்ட்’ என்ற வழிகாட்டி. குலுக்கல் முறை ஆய்வின் அறிக்கையில் எவையெல்லாம் இடம்பெற வேண்டும் என்ற சரிபார்ப்புப் பட்டியலாக 1996-இல் வெளியான இது, பல முறை திருத்தப்பட்டு 2025-இல் 30 உருப்படிகளோடு வந்திருக்கிறது. எத்தனை பேரைப் பரிசீலித்தார்கள், எத்தனை பேர் எந்தக் குழுவுக்குச் சென்றார்கள், எத்தனை பேர் விலகினார்கள், கணக்கில் சேர்ந்தவர்கள் எத்தனை பேர் என்பதை ஒரே பார்வையில் காட்டும் ஓட்டப் படம் இதன் பயனுள்ள கொடை. நோக்கீட்டு ஆய்வுகளுக்கு ‘ஸ்ட்ரோப்’, தொகுப்பாய்வுகளுக்கு ‘பிரிஸ்மா’, ஆய்வுத் திட்டங்களுக்கு ‘ஸ்பிரிட்’ என்று தனித்தனி வழிகாட்டிகள் உண்டு. சிகிச்சையை மற்றவர் திரும்பச் செய்யும் அளவுக்கு விவரிப்பதற்கென்றே 2014-இல் ‘டைடியர்’ வந்தது. ‘உடற்பயிற்சி அளிக்கப்பட்டது’ என்று எழுதினால் எந்தப் பயிற்சி, எத்தனை நிமிடம், யார் மேற்பார்வையில் என்று யாருக்கும் தெரியாது. பயன் நிறுவப்பட்டாலும் அதைப் பயன்படுத்த முடியாது. இவற்றையெல்லாம் ஒரே இடத்தில் திரட்டித் தரும் ‘ஈக்வேட்டர்’ வலையமைப்பு 2008-இல் தொடங்கப்பட்டது.

இரண்டாவது ஏற்பாடு முன்பதிவு. முதல் நோயாளியைச் சேர்க்குமுன் ஆய்வைப் பொதுப் பதிவேட்டில் பதிந்திருந்தால்தான் கட்டுரையை ஏற்போம் என்று முன்னணி மருத்துவ இதழ்களின் ஆசிரியர் குழு 2004-இல் அறிவித்து, 2005 ஜூலை முதல் நடைமுறைப்படுத்தியது. முதன்மை விளைவு முன்பே பொதுவெளியில் இருப்பதால், பிறகு அதை மாற்றினால் ஒப்பிட்டுக் கண்டுபிடிக்கலாம்.

கண்டுபிடிக்கலாம் என்பது வேறு, யாரேனும் கண்டுபிடிக்கிறார்களா என்பது வேறு. ஆக்ஸ்ஃபோர்டில் ஒரு குழு ஐந்து முன்னணி இதழ்களில் அடுத்தடுத்து வெளியான 67 ஆய்வுகளை அவற்றின் பதிவுகளோடு ஒப்பிட்டது. ஒன்பதில் மட்டுமே எல்லாம் ஒத்துப்போயின. அறிவித்த 354 விளைவுகள் சொல்லப்படவில்லை. அறிவிக்காத 357 விளைவுகள் சத்தமின்றிச் சேர்ந்திருந்தன. சரிபார்ப்புப் பட்டியலும் இத்தகைய இக்கட்டில்தான் இருக்கிறது. அதை நிரப்பி அனுப்பச் சொல்லும் இதழ்கள் பல; நிரப்பியது உண்மையா என்று பக்கம் பக்கமாகப் பார்ப்பவை சில. மேலும், தெளிவாக எழுதப்பட்ட அறிக்கை நல்ல ஆய்வின் சான்றாகிவிடாது. மோசமான ஆய்வை மோசமானது என்று கண்டுகொள்ள அது வழி செய்கிறது, அவ்வளவே.

படிக்கும்போது தேட வேண்டியவை

1. ஆய்வு மனிதர்களிடம் நடந்ததா? எத்தனை பேரிடம், எந்த வயதினரிடம்?

2. நோக்கீட்டு ஆய்வா, குலுக்கல் முறை ஆய்வா? முன்னதானால் ‘குறைக்கிறது’, ‘உண்டாக்குகிறது’ போன்ற வினைச்சொற்களை ‘தொடர்புடையது’ என்று மாற்றிப் படித்துப் பாருங்கள். செய்தி இன்னும் செய்தியாக நிற்கிறதா என்று தெரிந்துவிடும்.

3. எதோடு ஒப்பிட்டார்கள்? போலி மருந்தோடா, நடைமுறையில் உள்ள சிகிச்சையோடா?

4. சதவீதம் சொன்னால், எத்தனை பேரில் எத்தனை பேர் என்ற எண் அருகில் இருக்கிறதா? மற்றெல்லாவற்றையும் விட்டாலும் இதை விடக்கூடாது.

5. அளந்தது நோயாளி உணரக்கூடிய ஒன்றா, பதிலியா?

6. தீங்குகள் பற்றி ஒரு வரியாவது உண்டா? பயனைப் பற்றி மட்டும் பேசும் அறிக்கையில், தீங்கு இல்லை என்று பொருள் கொள்வது பிழை. அளக்கவில்லை அல்லது எழுதவில்லை என்றே கொள்ள வேண்டும்.

7. பணம் கொடுத்தவர் யார் என்பது எழுதப்பட்டிருக்கிறதா?

8. பதிவு எண் உண்டா? இருந்தால், பதிவேட்டில் உள்ள முதன்மை விளைவையும் கட்டுரையில் உள்ளதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சில நிமிடங்களே ஆகும். பெரும்பாலான பதிவேடுகள் கட்டணமின்றித் திறந்திருக்கின்றன. பழைய பதிவு எப்போது, எப்படித் திருத்தப்பட்டது என்ற வரலாற்றையும் அவற்றில் பல காட்டுகின்றன. ஆய்வு முடிந்து நீண்ட காலம் ஆகியும் முடிவு வெளியாகாமல் வெறும் பதிவாக நிற்பவையும் அங்கேயே கண்ணில் படும்.